ஸ்மார்ட் போர்டுக்கு மேல துணி: வகுப்புக்குள்ள இன்ரநெற்றை ஆர் மெய்யாப் பாவிக்கிறியள்?

ஓமின்விதி | திங்கள், இரவு 9.20

வணக்கம். வலிகாமத்தில ஒரு மாகாணப் பாடசாலையில 10ஆம், 11ஆம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறன். பள்ளிக்கூடத்தின்ர பேர் வேண்டாம்.

எங்களிட்ட ஒரு ஸ்மார்ட் வகுப்பறை இருக்கு. வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் காசு சேர்த்துப் போட்டுத் தந்தது. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவரில பெரிய ஸ்மார்ட் போர்ட். திறந்து வைச்ச அண்டைக்கு மூலையில வைச்ச சந்தனப் பொட்டு இன்னும் காய்ஞ்சு ஒட்டிக்கொண்டு கிடக்கு. அதுக்கு மேல ஒரு துணி. பாவிக்கிறதெண்டால் ரெண்டு நாளைக்கு முதல் கொப்பியில எழுதோணும், சப்பாத்தைக் கழட்டி வெளியில விடோணும், அந்தப் பேனை துலைஞ்சால் கையெழுத்து வைச்ச ஆள்தான் பொறுப்பு. போன தவணை முழுக்க அந்தக் கொப்பியில நாலே நாலு பதிவு. அதில ரெண்டு ஆசிரியர் கூட்டம்.

இப்ப ஒரு படிவம் வந்திருக்கு. தகவல் தொழில்நுட்பத்தை ஒருங்கிணைச்சு எத்தனை பாடவேளை எடுத்தனீங்கள் எண்டு நிரப்பிக் குடுக்கோணும். பொய் எழுத விருப்பமில்லை, பூச்சியம் போடவும் வெக்கமாக் கிடக்கு. 40 நிமிசப் பாடவேளை, 38 பிள்ளையள். யூரியூப்பில ஒரு வீடியோவைப் போட்டுட்டுப் பக்கத்தில நிண்டு பாக்கிறதைத் தவிர வேற என்ன செய்யிறியள்? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ. செய்யலாம், செய்யோணும் எண்ட கதை வேண்டாம், அது கருத்தரங்குகளில நிறையக் கேட்டிட்டன்.


கணக்குவாத்தி | திங்கள், இரவு 9.51

திறப்பு விழா முடிஞ்சுது, திறப்பை ஒராள் கொண்டு போட்டார். எல்லா இடமும் இதுதான் சேர்.

நான் செய்யிறதைச் சொல்லுறன். என்ர சொந்த லப்ரொப், அதில ஜியோஜிப்ரா எண்ட கணித மென்பொருள். 2001இல சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் தன்ர முதுமாணிப் படிப்புக்காகச் செய்யத் தொடங்கினது, இப்ப உலகம் முழுக்க இலவசமாப் பாவிக்குது. ஒருக்கா இறக்கிப் போட்டால் பிறகு இணைப்புத் தேவையில்லை. தமிழிலயும் வேலை செய்யும்.

வட்டத் தேற்றம் எடுக்கேக்க ஒரு வட்டம், அதில ஏ, பி எண்டு ரெண்டு புள்ளி, பரிதியில நகரக்கூடிய பி எண்டு இன்னொண்டு. (சரி, ரெண்டு பி ஆப்போச்சு. நகருற புள்ளியை ‘க’ எண்டு வைப்பம்.) மையத்தில கோணம் 70, கவில 35. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு கவைப் பிடிச்சு இழுக்கச் சொன்னன். இழுக்க இழுக்க 35, 35, 35. வகுப்பு கொட்டாவி விட்டுது. அவன் விடாமல் இழுத்து, ஏயைத் தாண்டி மற்றப் பக்கத்து வில்லுக்குக் கொண்டு போட்டான். இலக்கம் பட்டெண்டு 145 ஆச்சு. பின்வாங்கில இருந்தவன் எழும்பி “சேர், பழுதாப் போச்சு” எண்டான்.

பழுதாகேல்லை. தேற்றத்தைப் பாடமாக்கிற நேரம் ‘எஞ்சிய பரிதியில் எதிரமைக்கப்படும் கோணம்’ எண்டு சொல்லுறம் இல்லையோ, அந்த ‘எஞ்சிய’ ஏன் கிடக்கெண்டு அண்டைக்குத்தான் அவங்களுக்கு விளங்கினது. 35ஐயும் 145ஐயும் கூட்டிப் பாக்கச் சொன்னன். 180. அடுத்த தேற்றமும் அதுக்குள்ளயே வந்திட்டுது, வட்ட நாற்பக்கல். பன்னிரண்டு வருசமாப் படிப்பிக்கிறன், கரும்பலகையில இப்பிடி ஒரு நாளும் வரேல்லை, ஏனெண்டால் கரும்பலகையில புள்ளி நகராது.

ஆனால் ஒரு விசயம். எங்கட வகுப்பறை அரைச்சுவர். காலமை பத்து மணிக்குப் பிறகு மல்ரிமீடியா புரொஜெக்ரரைப் போட்டால் சுவரில ஒண்டும் தெரியாது, வெய்யில்தான் தெரியும். முதலாம், ரெண்டாம் பாடவேளை கிடைச்சால் மட்டும் செய்யலாம். நேரசூசி போடுற ஆளுக்கு ரீ வாங்கிக் குடுத்துத்தான் அதை எடுத்தனான்.


ரொறொன்ரோ பழசு | செவ்வாய், காலை 6.05

ஓமின்விதி சேர், நீங்கள் எங்களைச் சொல்லேல்லை எண்டு நினைக்கிறன், எண்டாலும் சுடுது. நாங்களும் எங்கட பள்ளிக்கூடத்துக்கு இப்பிடி ஒண்டு செய்தனாங்கள். பனியில நிண்டு நடைபவனி நடந்து, ராச்சாப்பாடு வைச்சு, ரிக்கற் வித்துச் சேர்த்த காசு. துணி மூடிக் கிடக்கெண்டு கேட்க வயிறு எரியுது. அடுத்த திட்டமா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரப் (ரப்லெற்) குடுப்பம் எண்டு யோசிக்கிறம். அதுக்கும் துணி போடுவியளோ?


கணக்குவாத்தி | செவ்வாய், மாலை 4.30

அண்ணை, கோவிக்காதேங்கோ. ரப் குடுக்க முதல் பெருவின்ர கதையை ஒருக்கா வாசியுங்கோ. பிள்ளைக்கொரு லப்ரொப் எண்டு அந்த நாட்டில லட்சக்கணக்கில குடுத்தவை. 2012இல வந்த ஆய்வு, முந்நூறுக்கு மேற்பட்ட கிராமப் பள்ளிக்கூடங்களைப் பாத்து, கணக்கிலயும் மொழியிலயும் புள்ளி கூடினதுக்கு அத்தாட்சி இல்லை எண்டுட்டுது. பெட்டி போய்ச் சேர்ந்தது, அதை வைச்சு என்ன படிப்பிக்கிறது எண்டது போய்ச் சேரேல்லை.

என்ன அனுப்பலாம் எண்டு கேட்டால், என்ர வகுப்புக்குக் கறுத்தத் துணியில ரெண்டு திரைச்சீலை, ஒரு நல்ல எக்ஸ்ரென்சன் வயர், பூட்டுப் போடுற ஒரு அலுமாரி. நடைபவனி தேவையில்லை, உங்கட ஒரு நாள் கோப்பிக் காசு காணும். ஆனால் திரைச்சீலைக்குக் கல்வெட்டு வைச்சுப் பேர் பொறிக்க ஏலாது, உதுதான் பிரச்சினை.


ரொறொன்ரோ பழசு | செவ்வாய், இரவு 7.15

கடைசி வசனம் தேவையில்லாதது. எண்டாலும் திரைச்சீலையின்ர அளவை அனுப்புங்கோ.


நெல்லியடி அம்மா | செவ்வாய், இரவு 8.40

நான் ரீச்சர் இல்லை, மூண்டு பிள்ளையளின்ர தாய். எல்லாரும் குடுக்கிற பக்கத்தில நிண்டு கதைக்கிறியள், வாங்கிற பக்கத்தையும் கேளுங்கோ.

2020 பங்குனியில கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டினவங்கள். வீட்டில ஒரு போன். அதுவும் இவர் வேலைக்குக் கொண்டு போவார். மூத்தவளுக்குக் காலமை எட்டுக்கு சூம், நடுவிலானுக்கும் எட்டுக்கு, கடைசிக்கு வாட்ஸ்அப்பில ரீச்சர் குரல் பதிவு அனுப்புவா. ஆரை விடுறது? மூத்தவளுக்குச் சோதனை எண்டு அவளிட்டக் குடுத்தன், மற்ற ரெண்டும் அந்த வருசம் எழுத்துக் கூட்டவே மறந்ததுகள். வீட்டுக்குள்ள சிக்னல் இல்லை, அவள் கிணத்தடியில கதிரை போட்டிருந்து படிச்சவள். 2022இல பேந்தும் கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை எண்டு அதே கதை. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் என்ன ஒன்லைன்?

இப்ப பள்ளிக்கூடம் ஒழுங்கா நடக்குது, எண்டாலும் அந்த வாட்ஸ்அப் குறூப் நிண்டபாடில்லை. இரவு ஒன்பதரைக்கு “நாளைக்கு இதைப் பிறின்ற் எடுத்து ஒட்டிக்கொண்டு வரவும்” எண்டு வரும். பிறின்ற் எடுக்கிற கொமினிகேசன் கடைக்காரன் எட்டுக்குப் பூட்டிடுவான். விடிய ஆறரைக்கு அவன்ர கதவில தட்டினால் ஒரு பக்கம் 20 ரூபா, கலர் எண்டால் 50. அந்தப் பக்கத்தில என்ன இருக்கு? ஒரு இலையின்ர படம். முத்தத்தில எத்தனை இலை கிடக்கு!

படிப்புக்கெண்டு வாங்கின போனில நடுவிலான் இப்ப ஃபிரீ ஃபயர் கேம் அடிக்கிறான். தொழில்நுட்பத்தை ஒருங்கிணைச்ச பாடவேளை எத்தனை எண்டு படிவத்தில கேட்டால், எங்கட வீட்டில நாளுக்கு நாலு மணித்தியாலம் எண்டு எழுதி விடுங்கோ.


ஓமின்விதி | செவ்வாய், இரவு 9.10

அக்கா, அந்த இலைப் படம் அனுப்பினது நானா இருக்கலாம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனிமேல் பின்னேரம் அஞ்சுக்குப் பிறகு குறூப்பில ஒண்டும் போடமாட்டன்.


தீவகத்து ரீச்சர் | புதன், பிற்பகல் 3.05 (வள்ளத்தில இருந்து)

குறிகட்டுவானுக்குத் திரும்புற வள்ளத்தில இருந்து எழுதுறன், சிக்னல் வரேக்க போகும்.

எங்கட பள்ளிக்கூடத்தில 10ஆம் தரத்தில பதினொரு பிள்ளையள். காத்துக் கூடின நாளில வள்ளம் பிந்தினால் முதல் பாடவேளை இல்லை, இன்ரநெற்றும் இல்லை. ஆனபடியால் வகுப்புக்குள்ள இன்ரநெற் வரும் எண்டு நான் நம்புறதேயில்லை. இரவு யாழ்ப்பாணத்தில வீட்டிலயே இறக்கி வைச்சுப் போட்டு, விடிய பையில கொண்டு போறன். மீன்காரர் ஐஸ் பெட்டியில கொண்டு வாற மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

விஞ்ஞானத்துக்கு எனக்கு உதவுறது ஃபெற் எண்ட பாவனையாக்கங்கள், திரையிலயே செய்து பாக்கிற பரிசோதனையள். அமெரிக்காவில கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில, 2001இல பௌதிகவியலுக்கு நோபல் பரிசு எடுத்த கார்ல் வீமன் அடுத்த வருசம் தொடங்கினது. ஒவ்வொண்டும் ஒரு சின்னக் கோப்பு, இறக்கி வைச்சால் பிறவுசரில இணைப்பு இல்லாமல் திறக்கும். பல தமிழிலயும் இருக்கு. ஒரு லப்ரொப், பதினொரு பேரும் மேசையைச் சுத்தி.

ஆனால் ஒரு விதி வைச்சிருக்கிறன். அழுத்த முதல் என்ன நடக்கும் எண்டு எழுதோணும். கொப்பியில, பேனையால, அழிக்காமல். எழுதாத பிள்ளை எலியை (மவுசை) தொடேலாது. முதலே ஒரு பக்கம் சாய்ஞ்சு எழுதினவள் பிறகு திரையில வேற ஒண்டைக் கண்டால் சண்டைக்கு வருவாள், அந்தச் சண்டைதான் பாடம். எழுதாமல் பாத்தவள் “ஓ, வடிவாக் கிடக்கு” எண்டுட்டுப் போயிடுவாள். வீடியோவுக்கும் இதுக்கும் வித்தியாசம் அதுதான். வீடியோவில பிள்ளை எங்கயும் பிழை விட இடமில்லை.

இறங்கிற இடம் வந்திட்டுது. மிச்சம் இரவு.


பைதன் பாம்பு | புதன், மாலை 5.20

சேர், ரீச்சர்மார், நான் உயர்தரம் படிக்கிறன், தகவல் தொழில்நுட்பம் எடுத்திருக்கிறன். ஒரு விசயம் சொல்லட்டோ?

எங்களுக்கு பைதன் கரும்பலகையிலதான் படிப்பிச்சவை. லாபில 22 கொம்பியூட்டர், வேலை செய்யிறது 9, நாங்கள் 41 பேர். சேர் நல்லவர், என்ன செய்யிறது. பைதனில உள்தள்ளி எழுதாட்டில் புரோகிராம் ஓடாது. அதால நாலு இடைவெளி சரியா விடோணும் எண்டு நாங்கள் கொப்பியில அடிமட்டம் வைச்சு அளந்து எழுதினம். ஒருத்தி ரெண்டு சென்ரிமீற்றர் எண்டு நியமமே வைச்சிருந்தவள். பிறகு முதல்முதல் கீபோர்டில அடிக்கேக்க ஒரே தட்டில உள்தள்ளுற அந்த ‘ரப்’ பட்டனைக் கண்டு எல்லாரும் சிரிச்சம்.

வகுப்பில இன்ரநெற் இல்லை எண்டு சொல்லுறியள், ரியூசனில எல்லாம் இன்ரநெற்தான். ஒன்லைன் வகுப்பு, ரெக்கோடிங்கை ஒண்டரை மடங்கு வேகத்தில போட்டுப் பாப்பம். பள்ளிக்கூடத்தில எனக்கு வேண்டியது இன்னொரு வீடியோ இல்லை சேர். கை உயர்த்தினால் நிப்பாட்டிற ஒராள்.


கேபிள்காரன் | புதன், இரவு 8.15

பள்ளிக்கூடங்களுக்கு நெற்வேர்க் போடுற ஆள் நான். மூண்டு விசயம், டக்கெண்டு.

தம்பி பாம்பு, ஒம்பதிலயும் வேலைக்கு வழி இருக்கு. பழைய மெசினில லினக்ஸ் போட்டால் பைதன் அதோடயே வரும். சேரோட கதைச்சுப் பார், சனிக்கிழமை வந்து போட்டுத் தாறன், காசு வேண்டாம், மத்தியானச் சாப்பாடு காணும்.

அடுத்தது, இணைப்பே இல்லாத பள்ளிக்கூடத்துக்கு, விக்கிப்பீடியாவை இறக்கி வைச்சு வாசிக்கிற கிவிக்ஸ் எண்ட மென்பொருள் ஒண்டு இருக்கு. தமிழ் விக்கிப்பீடியா முழுக்க ஒரு பென்டிரைவில அடங்கும். 2003இல தொடங்கின விக்கி அது. ஆரம்பத்தில தனி ஆளா இருந்து அதைக் கட்டி எழுப்பினவர் எங்கட யாழ்ப்பாணத்து மயூரநாதன். அதால எங்கட ஊர்க் கட்டுரையள் நிறைய இருக்கு. ஒரு பழைய ரவுட்டரைப் பூட்டி, லப்ரொப்பில கிவிக்ஸை ஓடவிட்டால் வெளி இணைப்பு இல்லாமலே அறைக்குள்ள எல்லா மெசினிலயும் திறக்கலாம்.

மூண்டாவது, கும்பிட்டுக் கேக்கிறன்: வினாத்தாளை பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சு அப்பிடியே குறூப்பில போடாதேங்கோ. உங்கட மெசினில தமிழாத் தெரியிறது பிள்ளையின்ர போனில ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாத் தெரியும். போன கிழமை ஒரு பெடியன் வந்து “அண்ணை, ஓ எல்லுக்கு புதுப் பாஷை ஒண்டு விட்டிருக்கிறாங்கள்” எண்டான். யூனிகோட்டுக்கு மாத்துங்கோ, இல்லாட்டில் பிடிஎஃப் ஆக்கிப் போட்டு அனுப்புங்கோ.


தீவகத்து ரீச்சர் | புதன், இரவு 9.30

வீட்டை வந்திட்டன். நான் சொல்ல வந்தது வேற ஒண்டு, ஆரும் தொடாதபடியால் சொல்லுறன்.

எங்கட பிள்ளையள் யூரியூப்பில தமிழில விஞ்ஞானம் எண்டு தேடினால் பெரும்பாலும் வாறது தமிழ்நாட்டு வீடியோதான். நல்லாப் படிப்பிக்கினம், குறை சொல்ல ஏலாது. ஆனால் சொல் வேற. போன தவணைச் சோதனையில ‘5 கிலோகிராம் திணிவுடைய பொருளின் நிறை யாது?’ எண்டு கேட்டன். புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எண்டும் தந்தன். 50 நியூற்றன் வரவேணும். கெட்டிக்காரி ஒருத்தி 5 கிலோகிராம் எண்டு எழுதி, பக்கத்தில ‘எடை 50 நியூட்டன்’ எண்டும் எழுதியிருக்கிறாள். பிள்ளைக்குக் கணக்கு முழுக்கத் தெரியும். அங்க நிறை எண்டால் எங்கட திணிவு. எங்கட நிறையை அவை எடை எண்டுவினம். எனக்கு அழுகையே வந்திட்டுது, அவளுக்குப் புள்ளி போடுறதோ விடுறதோ எண்டு.


ஓமின்விதி | புதன், இரவு 9.44

ரீச்சர், அதைவிட மோசம் ‘வேகம்’. நாங்கள் கதி, வேகம் எண்டு பிரிக்கிறம். அவை வேகம், திசைவேகம் எண்டு பிரிக்கினம். வேகம் ரெண்டு பக்கமும் இருக்கு, ஆனால் இஞ்ச அதுக்குத் திசை உண்டு, அங்க இல்லை. ஆர்முடுகல் எண்டதை அங்க முடுக்கம் எண்டினம், அது புதுச் சொல்லாய் நிக்கிறபடியால் பிள்ளை கேட்டுப் பிடிச்சிடும். ஒரே சொல் ரெண்டு பொருளில வந்தால்தான் பிள்ளை விழுந்து போகும், விழுந்ததும் தெரியாது.

ஒளித்தொகுப்பு, ஒளிச்சேர்க்கை, இழையம், திசு, ஒட்சிசன், ஆக்சிஜன்: இதெல்லாம் சமாளிக்கலாம். சக்தி, வலு எண்டு நாங்கள் சொல்லுறதை அங்க ஆற்றல், திறன் எண்டினம். எங்கட புத்தகத்தில வினைத்திறன் எண்டு வேற ஒண்டு கிடக்கு, அங்க போய்க் குழம்பும்.


கணக்குவாத்தி | புதன், இரவு 9.58

கணக்கிலயும் உண்டு. எங்கட தொடை அங்க கணம். எங்கட தாயம் அங்க அணி. “சேர், அணி எண்டால் கிரிக்கெற் ரீமோ?” எண்டு கேட்டவங்கள்.


ஓய்வுபெற்ற பௌதிகம் | வியாழன், காலை 5.40

நான் பணியிலிருந்து ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள். பேரன் இந்த இழையைக் காட்டினான். நிதானமாக வாசித்தேன்.

சொற்பிரச்சினை இங்கே புதிதல்ல. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பிறகு மானிப்பாயில் இருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கத் துணிந்தபோது அவருக்கு முன்னால் நின்ற முதல் மலையே சொல்தான். உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும், ஒவ்வொரு நோய்க்கும் தமிழ்ச் சொல் தேடி, கலைச்சொல் தொகுதிகளையே அச்சிட்டார். பாடநூலுக்கு முன் சொற்பட்டியல் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் புலம்பிவிட்டுப் போகாமல் ஒரு பட்டியல் செய்யுங்கள். வீடியோ போடுமுன் கரும்பலகையின் இடப்பக்கம் அவர்களுடைய சொல், வலப்பக்கம் நம்முடைய சொல். ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1990இல் இங்கே மின்சாரம் நின்றது. மின்கலத்துக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டோம். அந்த நாட்களில் மின்காந்தத் தூண்டலைப் படிப்பிக்க எனக்கு ஆய்வுகூடமே தேவைப்படவில்லை. ஒரு மாணவனின் சைக்கிளை வகுப்புக்குள் கொண்டுவந்து கவிழ்த்தேன். மெதுவாகச் சுற்றினால் மின்குமிழ் மங்கல், வேகமாகச் சுற்றினால் வெளிச்சம். குமிழைப் பூட்டினால் பெடல் பாரமாகிறது, கழற்றினால் இலேசாகிறது. ஏன் பாரமாகிறது என்று கேட்டேன். கை நோகச் சுற்றியவனுக்குத்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். திரையில் காட்டும் டைனமோவில் அந்தப் பாரம் இல்லை. திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. சைக்கிளையும் கொண்டுவாருங்கள்.


பூமிசாத்திரம் | வியாழன், மாலை 6.25

ஐயா, வணக்கம். உங்களிட்டப் படிச்சவன் நான், பேர் சொல்லேல்லை.

நான் புவியியல். கூகிள் எர்த்தில பழைய செய்மதிப் படங்களை வருசம் வருசமா நகர்த்திப் பாக்கலாம். நிலப்பயன்பாட்டு மாற்றம் படிப்பிக்க அதைத்தான் எடுப்பன். இராணுவத்தின்ர உயர் பாதுகாப்பு வலயமா இருந்த வலி வடக்கைக் (வலிகாமம் வடக்கை) காட்டினன். பத்தையும் கூரையில்லா வீடுகளுமா இருந்தது, பிறகு மெல்ல மெல்லத் தோட்டம் சதுரம் சதுரமா வருது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல இராணுவத்திட்ட இருந்து விடுபட்டதெல்லே, அதுக்கு முன்னும் பின்னும் பாருங்கோ எண்டன். வள்ளங்களை எண்ணச் சொன்னன், அது பாடம். ஒரு பிள்ளை எழும்பி வந்து திரையில விரலை வைச்சு, “சேர், இதில கொஞ்சம் கிட்டக் கொண்டு போங்கோ” எண்டாள். கொண்டு போனன். ஒரு கிணறு, நாலு சுவர், நடுவில மரம். “அம்மம்மா சொன்ன வேம்பு” எண்டாள். முகாமில பிறந்த பிள்ளை.

அந்தப் பாடவேளை படிவத்தில எந்தக் கூட்டுக்குள்ள வரும் எண்டு எனக்குத் தெரியேல்லை. ‘இணையம் பாவிக்கப்பட்டது, 40 நிமிசம்’ எண்டு போட்டன்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஆரும் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணத்தைப் பற்றி ஒப்படை குடுத்தால் சாட்ஜிபிடியில எடுத்து ஒரே மாதிரி ஏழு வந்தது. ஒண்டில கிணறு வவுனியாவுக்குப் போட்டுது. நான் ஏசேல்லை. அந்த ஏழையும் திருப்பிக் குடுத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில சரியோ பிழையோ, எப்பிடித் தெரியும் எண்டு எழுதச் சொன்னன். ரெண்டு பேர் சைக்கிளில புத்தூருக்குப் போய்க் கிணத்தைப் பாத்திட்டு வந்தவை. மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு, ஏன் எண்டு காவலாளியிட்டயே கேட்டிருக்கினம். சுண்ணக்கல்லில மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதக்கிற கதையைப் பிறகு நான் தொடங்கத் தேவைப்படேல்லை.


நெல்லியடி அம்மா | வியாழன், இரவு 8.05

ஏழு பேருக்கும் புள்ளி போட்டனீங்களோ?


பூமிசாத்திரம் | வியாழன், இரவு 8.20

ரெண்டாம் தரம் எழுதினதுக்குப் போட்டன் அக்கா.


ஓமின்விதி | வெள்ளி, இரவு 10.15

செய்தன். எழுதாமல் நித்திரை வராது.

ஸ்மார்ட் வகுப்பறைக் கொப்பியில எழுதேல்லை. ஃபெற் தளத்தில இருந்து மின்சுற்றுக் கட்டுற கோப்பை நேற்று இரவே போன் டேற்றாவில இறக்கினன். என்ர லப்ரொப்பையும், கூட வேலை செய்யிற ரீச்சரின்ர லப்ரொப்பையும் எடுத்துக்கொண்டு போனன். 38 பேரை ரெண்டாப் பிரிச்சு விஞ்ஞானக்கூட மேசையைச் சுத்தி நிக்க விட்டன். பின்னால நிண்டவைக்கு வடிவாத் தெரியேல்லை, அது உண்மை. தீவகத்து ரீச்சரின்ர விதியை அப்பிடியே எடுத்தன்: எழுதாமல் எலி இல்லை.

கேள்வி இதுதான். ஒரு மின்கலம், சமாந்தரமா ரெண்டு மின்குமிழ் எரியுது. மூண்டாவதையும் சமாந்தரமாப் பூட்டினால் முதல் ரெண்டும் மங்குமோ, அப்பிடியே இருக்குமோ? கொப்பியில எழுதினதை எண்ணினன். மங்கும் எண்டு 29 பேர். அப்பிடியே எண்டு 7. ரெண்டு பேர் பக்கத்துக் கொப்பியைப் பாத்துக்கொண்டிருந்தவை.

பூட்டினம். மங்கேல்லை. 29 பேருக்கும் முகம் தொங்கிப் போச்சு. நான் புத்தகத்தில உள்ளதைச் சொல்லத் தொடங்கினன், ஒவ்வொண்டுக்கும் குறுக்கே அதே அழுத்த வித்தியாசம் எண்டு. அப்ப ஒரு பெடியன் கையை உயர்த்தினான். கதைக்காத பெடியன், தகப்பன் தோட்டம். “சேர், அது பொய். எங்கட வீட்டில தண்ணி மோட்டர் போட்டால் லைற் மங்குது. வீட்டு வயரிங்கும் சமாந்தரம் எண்டு நீங்கள்தானே போன கிழமை சொன்னீங்கள்.”

வகுப்பு முழுக்க அவன்ர பக்கம் திரும்பீற்றுது. எல்லார் வீட்டிலயும் மங்குது! எனக்கு ஒரு கணம் வேர்த்துது. பிறகு யோசிச்சன், அந்தக் கோப்பில ஒரு இடத்தில வயரின்ர தடையையும் மின்கலத்தின்ர உள்தடையையும் கூட்டிக் குறைக்கலாம். அவனையே கூப்பிட்டு உள்தடையைக் கூட்டச் சொன்னன். பேந்து மூண்டாவது குமிழைப் பூட்டச் சொன்னன். மூண்டும் மங்கிச்சுது. “இப்ப இது எங்கட வீடு” எண்டான்.

அப்ப ஒருத்தி கேட்டாள்: எங்கட வீட்டில இந்தத் தடை எங்க கிடக்கு? போஸ்ற்றில இருந்து வீடு வரைக்கும் வாற வயரிலயோ, ட்ரான்ஸ்போமரிலயோ, வீட்டுக்குள்ள வயரிலயோ? மோட்டர் தொடங்கிற கணத்தில ஏன் கூட மங்கி, பிறகு கொஞ்சம் கூடுது? நான் எல்லாத்துக்கும் பதில் சொல்லேல்லை. மணி அடிச்சிட்டுது. திங்கக்கிழமைக்கு எல்லாரும் வீட்டில பாத்து எழுதிக்கொண்டு வாறதெண்டு ஒப்படை. பிறின்ற் இல்லை, இலைப் படம் இல்லை, நெல்லியடி அக்கா கவனிக்கவும்.

இறக்கினதுக்கு எத்தனை எம்பி போச்சு எண்டு பாத்தன். ஒரு சின்னப் பாட்டு வீடியோவைவிடக் குறைவு.

ஐயா சொன்ன சொற்பட்டியலையும் தொடங்கியிருக்கிறன். இப்ப 31 வரி. விஞ்ஞானம் மட்டும், 10ஆம் தரம். இடப்பக்கம் வீடியோவில வாற சொல், வலப்பக்கம் எங்கட புத்தகச் சொல். கணக்குவாத்தி சேர் கணக்குச் சொல்லுகளைப் போடுவார் எண்டு நினைக்கிறன். யூனிகோட்டில அடிச்சு, பிடிஎஃப் ஆக்கி மேல போட்டிருக்கிறன், கேபிள்காரன் ஏசாதேங்கோ.


ரொறொன்ரோ பழசு | சனி, காலை 6.30

திரைச்சீலைக்கு அளவு இன்னும் வரேல்லை.


கணக்குவாத்தி | சனி, காலை 7.10

யன்னல் இல்லாத இடத்துக்கு யன்னல் அளவு எடுக்கிறது எப்பிடி எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன் அண்ணை. அரைச்சுவருக்கு மேல இருந்து வளை மட்டும் ஆறடி, நீளம் இருபத்தினாலு. ரெண்டு பக்கம். திங்கள் திரும்ப ஒருக்கா அளந்திட்டுச் சொல்லுறன்.


பைதன் பாம்பு | சனி, காலை 9.45

ஓமின்விதி சேர், பட்டியல் பாத்தன், நல்லாயிருக்கு. 14ஆவது வரியில வலப்பக்கம், எங்கட சொல் வரவேண்டிய இடத்தில ‘செல்’ எண்டு நீங்களே எழுதிப் போட்டியள். கலம்.


ஓமின்விதி | சனி, காலை 9.52

மாத்திப் போட்டன். நேற்று இரவு நானும் ஒரு வீடியோ பாத்தனான்.